சேர்ந்து பாட்டெழுதும் இருவர் மோதிக்கொண்டால்தான் நல்ல பாடல் பிறக்குமா?

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன்–பால் மெக்கார்ட்னி, பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ்–டேவிட் கில்மர் போன்ற இணைகளுக்குள் இருந்த உரசல்தான் அவர்களுடைய சிறந்த பாடல்களுக்குக் காரணம் என்று பலரும் சொல்கிறார்களே, அப்படியானால் அதே உரசல் அந்தக் குழுக்களை ஏன் உடைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ராக் இசையை நெடுங்காலமாகக் கூர்ந்து கேட்டுவருபவன், ஒரு சிறு குழுவில் நண்பருடன் சேர்ந்து பாடல் எழுதுபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். சண்டை போட்டதால் நல்ல பாடல் வந்தது என்பதை நான் ஏற்கவில்லை. ஒருவர் பாதியில் நிற்கும் பாடலைக் கொண்டுவந்து வைக்க, அதில் மற்றவர் கைவைக்க முடிந்த காலம்வரை அந்த உரசலால் பாடலுக்கு நன்மை விளைந்தது. இருவரும் முழுதாக முடித்த பாடல்களையே கொண்டுவரத் தொடங்கியபிறகு, கருத்து வேறுபாட்டுக்குப் பாடலுக்குள் இடமில்லாமல் போய், ஆல்பத்தில் யாருக்கு எத்தனை பாடல், கடைசி முடிவு யாருடையது என்ற அதிகாரப் போட்டியாக அது மாறிவிட்டது.

பீட்டில்ஸ் 1965 இறுதியில் வெளியிட்ட ‘வி கேன் வொர்க் இட் அவுட்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கார்ட்னி எழுதிய பகுதி டி மேஜர் என்ற மலர்ச்சியான சுருதியில் அமைந்தது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நம்பிக்கையோடு சமாதானம் பேசுவது. ஆனாலும் ‘நான் சொல்கிறபடி பார்’ என்ற பிடிவாதம் அந்தச் சமாதானத்துக்குள்ளேயே இருக்கிறது. நடுப்பகுதியை எழுதிச் சேர்த்தவர் லெனன். அங்கே பாட்டு சோகச் சாயல் கொண்ட பி மைனர் சுருதிக்குத் திரும்பி, வாழ்க்கை மிகக் குறுகியது, சச்சரவு செய்துகொண்டிருக்க நேரமில்லை என்று பொறுமை இழந்து பேசுகிறது. ஹார்மோனியத்தின் நீண்ட சுரங்கள் பின்னால் ஒலிக்க, தாளம் மும்மூன்றாக எண்ணும் வால்ட்ஸ் நடைக்கு மாறுகிறது. அந்த மாற்றம் குழுவின் கிடார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் யோசனை. இவ்வளவும் இரண்டேகால் நிமிடத்துக்குள் நடந்துவிடுகிறது. இரண்டு மனிதர்கள் ஒரே விஷயத்தைப் பற்றி வெவ்வேறு விதமாக நினைப்பது பாட்டின் அமைப்பிலேயே கேட்கிறது என்பதால்தான், அதை எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இது நடப்பதற்கு அடிப்படையாக ஓர் ஏற்பாடு இருந்தது. பாடலை யார் எழுதினாலும் இருவர் பெயரையும் போடுவது என்று அவர்கள் இளவயதிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள். மற்றவர் எழுதிய பாட்டில் எட்டு வரி சேர்த்தாலும், நான்கு வரியை வெட்டினாலும் யாருடைய பங்கும் கூடவோ குறையவோ போவதில்லை என்பதால், திருத்துவதால் அங்கே யாருக்கும் இழப்பு இல்லை. 1963-இல் லண்டன் விம்போல் தெருவில், மெக்கார்ட்னியின் அப்போதைய காதலி ஜேன் ஆஷரின் குடும்ப வீட்டு நிலவறையில், பியானோவின் முன் இருவரும் உட்கார்ந்து ‘ஐ வாண்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ எழுதியபோது, மெக்கார்ட்னி தட்டிய ஒரு கார்டைக் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) கேட்டு, இதுதான், மறுபடியும் வாசி என்று தான் சொன்னதை லெனன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஐந்தே ஆண்டுகளில் அந்த நெருக்கம் கலைந்தது. 1968-இன் இரட்டை ஆல்பத்துக்கான பதிவுகளின்போது, ‘வை டோண்ட் வி டூ இட் இன் தி ரோட்’ பாடலை மெக்கார்ட்னி குழுவின் டிரம்மர் ரிங்கோவை மட்டும் வைத்துக்கொண்டு பதிவு செய்து முடித்துவிட்டார். தன்னைச் சேர்த்துக்கொள்ளாமல் இப்படி முடித்தது தன்னைப் புண்படுத்தியது என்று 1980-இல் லெனன் சொன்னார். வாதம் செய்தது அல்ல, வாதம் செய்ய அழைக்கப்படாததுதான் அவருக்கு வலித்திருக்கிறது. உரசலைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த இடத்தை ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

பிங்க் ஃபிளாய்டின் கதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1979-இல் வெளிவந்த ‘தி வால்’ ஆல்பத்தின் 26 தடங்களில் டேவிட் கில்மரின் பெயர் இசையமைப்பில் மூன்றில் மட்டுமே இருக்கிறது. அவற்றுள் ஒன்று ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’. கில்மரிடம் முன்பே இருந்த ஒரு மெட்டுக்கு ரோஜர் வாட்டர்ஸ் வரிகள் எழுதினார். பின்னணி எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கடுமையான வாக்குவாதம் நடந்தது: வாட்டர்ஸும் தயாரிப்பாளர் பாப் எஸ்ரினும் ஆர்கெஸ்ட்ரா நிறைந்த வடிவத்தை விரும்ப, கில்மர் இறுக்கமான, கரடுமுரடான ராக் வடிவத்தைக் கேட்டார். கடைசியில் இரண்டும் பாடலுக்குள் வந்தன. மருத்துவரின் வறண்ட குரலாக வாட்டர்ஸ் பாடும் சரணம் பி மைனரில் நகர்கிறது. கில்மரின் குரலில் பல்லவி வரும்போது டி மேஜர் திறக்கிறது. முடிவில் பாட்டு மறுபடி பி மைனருக்கு வந்து, அந்தப் புகழ்பெற்ற நீண்ட கிடார் தனியாவர்த்தனம் தொடங்குகிறது. மேலே சொன்ன பீட்டில்ஸ் பாடலின் இரண்டு சுருதிகளும் இவையே என்பது தற்செயல்தான். ஆனால் இரண்டிலும் மற்றவரின் பகுதி வரும்போது மனநிலையும் மாறுகிறது.

அதன்பின் 1983-இல் வந்த ‘தி ஃபைனல் கட்’ முழுவதையும் வாட்டர்ஸே எழுதினார். கில்மர் முதன்மையாகப் பாடியது ஒரே ஒரு பாடலில். சில நல்ல வரிகள் அதில் இருந்தாலும், எதிர்த்துப் பேச ஆளில்லாத ஒருவரின் நீண்ட பேச்சாகவே அது எனக்குக் கேட்கிறது. 1985-இல் வாட்டர்ஸ் விலகினார், பெயருக்கான சட்டப் போராட்டம் தொடர்ந்தது. கில்மர் தலைமையில் பிறகு வந்த ஆல்பங்களில் ஒலி அழகாக இருக்கிறது, ஆனால் வாட்டர்ஸின் வரிகளில் இருந்த முள் இல்லை.

இங்கிலாந்தின் தி ஸ்மித்ஸ் குழு இந்த வாதத்துக்கு விதிவிலக்கு என்று நீங்கள் சொல்லக்கூடும். கிடார் கலைஞர் ஜானி மார் இசையை கேசட்டில் பதிந்து கொடுப்பார், பாடகர் மோரிஸி தனியே வரிகளையும் பாடும் மெட்டையும் அமைப்பார். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிட்டது குறைவு. இருந்தும் சில ஆண்டுகளுக்குள் நான்கு அருமையான ஸ்டுடியோ ஆல்பங்கள் வந்தன. ஆனால் அந்த கேசட்டில் இருந்ததும் குரலுக்காகக் காத்திருந்த பாதிப் பாட்டுதான். இழுபறி அறையில் நடக்காமல் ஒலிநாடாவில் நடந்தது, அவ்வளவே.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல முடியாது. 1975-இல் குவீன் குழு வெளியிட்ட ‘பொஹீமியன் ராப்சடி’ சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட இசைத்தட்டு) மறுபக்கத்தில் இருந்த பாடல் டிரம்மர் ரோஜர் டெய்லருடையது. இசைத்தட்டை வாங்கியவர்கள் முதல் பக்கத்துக்காகவே வாங்கினாலும், பாடலாசிரியருக்கான ராயல்டி இரண்டு பக்கங்களுக்கும் சமமாகவே போனது. இப்படிப்பட்ட விஷயங்களில் எழும் கசப்பு எந்த நல்ல வரியையும் தராது. 1989-இன் ‘தி மிரக்கிள்’ ஆல்பத்தில் எல்லாப் பாடல்களையும் குழுவின் பெயரிலேயே போட அவர்கள் முடிவு செய்தது மிகவும் விவேகமானது. அமெரிக்க ராக் குழுவான ஆர்.இ.எம். அதைத் தொடக்கத்திலிருந்தே செய்தது, 2011 வரை நிலைத்தது. ஜார்ஜ் ஹாரிசனுக்கு அப்படியொரு இடம் கிடைக்கவில்லை. ஒரு ஆல்பத்துக்கு ஓரிரு பாடல் என்று ஒதுக்கப்பட்டவர், குழு பிரிந்த 1970-லேயே மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தனி ஆல்பத்தை வெளியிட்டார் என்றால், எவ்வளவு சேர்ந்துகிடந்தது என்று பாருங்கள்.

எங்கள் குழுவில் மெட்டு நண்பருடையது, வரிகள் பெரும்பாலும் என்னுடையவை. அவர் ஒரு சொல்லை நீக்கச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் அவர் காரணமாகக் காட்டுவது மூச்சு விட இடமில்லாத ஒரு நெடிலையோ, தாளத்தின் அழுத்தம் தவறான அசையில் விழுவதையோ என்றால், அந்தக் கோபம் அடுத்த வரிக்குள் போய்விடுகிறது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று மட்டும் சொன்ன நாட்களில் பாட்டு நகர்ந்ததே இல்லை.

உடைந்த இணைகள் மீளவே முடியாது என்றும் நினைக்க வேண்டாம். 1985-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடகர் மிக் ஜாகர் தனி ஆல்பம் வெளியிட்டதையொட்டி அவருக்கும் அக்குழுவின் கிடார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் மூண்ட பகை பத்திரிகைப் பேட்டிகள்வரை வந்தது. 1989-இல் இருவரும் பார்படாஸ் தீவில் சந்தித்து, மறுபடியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள். அந்த ஆண்டே குழுவின் ‘ஸ்டீல் வீல்ஸ்’ ஆல்பம் வந்தது. அவர்களுடைய உச்சப் படைப்புகளோடு அதை நான் வைக்க மாட்டேன், ஆனால் முந்தைய ஆல்பத்தில் கேட்ட எரிச்சல் அதில் இல்லை.