கோஸ்லார், மேகமூட்டம், ஒரு கிட் லென்ஸ்

அன்புள்ள சார்,

ஜெர்மனியில், பிரவுன்ஷ்வைக்கில் முதுகலை படிக்கிறேன். டிசம்பரில் இரண்டு நாள் பக்கத்துப் பழைய சுரங்க ஊரான கோஸ்லார் போய்ப் படம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். நீங்கள் அங்கே போனதாக முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். நவம்பரிலிருந்தே இங்கே வெயிலைக் காணோம், வானம் சாம்பல் பூசினாற்போலக் கிடக்கிறது. இதில் படம் என்ன வரும்? அங்கே இருக்கும் ராம்மெல்ஸ்பெர்க் சுரங்கத்துக்கு அரை நாள் ஒதுக்கினால் வீணாகிவிடுமா? எல்லோரும் சந்தைச் சதுக்கத்தையும் மரச்சட்ட வீடுகளையும்தான் போடுகிறார்கள். என்னிடம் கேமராவோடு வந்த கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது, அகலமாக எடுக்கும் வைட் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு போகலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வெயில் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி பல பத்தாண்டுகள் சுரங்கக் கோபுரங்களையும் உலைகளையும் படம் எடுத்தவர்கள், நிழல் விழக்கூடாது என்பதற்காகவே மேகமூட்டமான நாளாகப் பார்த்துப் போவார்கள். அவர்களுக்கு 1994-இல் கைசர்ரிங் என்ற கலை விருதைக் கொடுத்தது இதே கோஸ்லார்தான். அப்புறம் அந்த ஊரின் கூரைகளைப் பாருங்கள். நிறைய சிலேட்டு, சில வீடுகளில் சுவரும் சிலேட்டு. வெயிலில் அது வெறும் கறுப்பாகத்தான் தெரியும். தூறல் விழுந்ததும், சின்ன வயதில் கோவை இலை வைத்துத் தேய்த்த நம் சிலேட்டு மாதிரி ஒவ்வொரு ஓடும் தனித்தனியாக மினுங்கும். மழை நின்ற கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இன்னொன்று, டிசம்பரில் அங்கே எட்டரை மணி வாக்கில்தான் விடியும், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் காலையில் தூங்கினால் போச்சு.

சுரங்கத்துக்கு அரை நாளா என்று கேட்கிறீர்கள். ஒரு முழு நாள் கொடுங்கள். ராம்மெல்ஸ்பெர்க் மலையில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வெள்ளியும் செம்பும் ஈயமும் எடுத்திருக்கிறார்கள், தாது தீர்ந்து 1988 ஜூன் 30-இல்தான் மூடினார்கள். 11-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹைன்ரிஷ் பேரரசர் இங்கே அரண்மனை கட்டினார் என்றால் அது மலைக்காற்று வாங்குவதற்காக இல்லை. சந்தைச் சதுக்கத்தில் நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு அலங்காரத்துக்கும் காசு அந்த மலைக்குள்ளிருந்து வந்தது, மலையை விட்டுவிட்டு ஊரை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது காலண்டர் படம். 1992-இல் யுனெஸ்கோகூட சுரங்கத்தையும் ஊரையும் சேர்த்துத்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது.

உள்ளே ரோடர் சுரங்கப்பாதைக்குக் கட்டாயம் போங்கள். 1800 வாக்கில் வெட்டியது. மேலிருந்து ஓடிவரும் தண்ணீர் மலைக்குள்ளேயே ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு அடுத்ததற்கு இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சக்கரத்துக்குத் தண்ணீர் வாங்கும் பெட்டிகள் இரண்டு வரிசை, எதிரெதிர்த் திசையில். ஒரு பக்கம் தண்ணீர் விட்டால் தாது வாளி மேலே ஏறும், மறுபக்கம் விட்டால் இறங்கும். சக்கரம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்காதீர்கள், இருட்டில் ஏதோ மரச்சாமான் மாதிரிதான் வரும். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும், பெட்டி வரிசை மட்டும் தெரியட்டும்.

அங்கே சுவரிலும் நிறம் கசிந்து வழியும். செம்பு இருக்கும் இடத்தில் மயில்துத்தத்தின் நீலப்பச்சை, இரும்பு இருக்கும் இடத்தில் செம்பழுப்பு. கேமராவே நிறத்தைச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ வைட் பேலன்ஸில் விட்டால் மஞ்சள் விளக்கைச் சரிசெய்கிறேன் என்று இந்த நிறங்களையும் சேர்த்துக் குழப்பிவிடும். கேமரா கைவைக்காத ரா ஃபைலில் எடுத்து வீட்டுக்கு வந்து நிதானமாகச் சரிசெய்யுங்கள்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் போனது ஜனவரி, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. கழுத்தில் தொங்கிய கேமராவோடு அப்படியே உள்ளே நுழைந்தேன், உள்ளேயோ ஈரம், வெளியைவிட நல்ல வெதுவெதுப்பு. சோடா பாட்டில் வியர்க்கிற மாதிரி லென்ஸ் வியர்த்துவிட்டது. சட்டை நுனியால் துடைத்தேன், இன்னும் மோசம். வழிகாட்டி குழுவைக் கூட்டிக்கொண்டு சக்கரத்தைத் தாண்டிப் போய்விட்டார், என்னிடம் இருந்ததெல்லாம் பால் ஊற்றின மாதிரி பதினான்கு படம். நீங்கள் கேமராவை பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டிக்கொண்டு போங்கள், உள்ளே சூடு ஏறிய பிறகு பிரிக்கலாம். ட்ரைபாட், ஃபிளாஷ் பற்றி டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வெளியே மலைச்சரிவில் படிப்படியாக இறங்குவது தாதுவைப் பிரித்தெடுத்த பெரிய ஆலை, 1930-களில் ஃபிரிட்ஸ் ஷுப்பும் மார்ட்டின் கிரெம்மரும் வடிவமைத்தது. எஸ்ஸன் நகரத்து ட்ஸோல்ஃபெராய்ன் சுரங்கக் கட்டடத்தைக் கட்டிய அதே ஜோடி. நேர் எதிரே நின்று எடுத்தால் அள்ளும் அழகு, எனக்கு அதுதான் உறுத்தியது. நாஜி ஆட்சியின் ஆயுதத் தேவைக்காக எழுந்த ஆலை, போர்க்காலத்தில் கட்டாய உழைப்புக்குப் பிடித்து வரப்பட்டவர்கள் வேலை செய்த இடம். எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. படத்துக்குக் கீழே வெறுமனே 'சமச்சீர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அதற்கு மேலே மால்டர்மைஸ்டர் கோபுரம் இருக்கிறது, 1500 வாக்கில் கட்டியது. பாறையைத் தீ மூட்டிப் பிளந்த காலத்தில் அந்த விறகை அளந்து கொடுத்த அதிகாரியின் பேரில் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் சுரங்கச் சரிவும் ஊரும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். எனக்கு ஒரே ஒரு படம்தான் எடுக்கலாம் என்றால் அங்கேதான் நிற்பேன்.

ஊருக்குள் அரண்மனைச் சுவரோவியங்கள் எனக்கு அலுப்பு, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சதுக்கத்தில் கைசர்வோர்ட் என்ற பழைய வணிகர் சங்கக் கட்டடம், 1494. அதன் மூலையில் குந்தி உட்கார்ந்து பின்பக்கத்தால் தங்கக்காசு போடும் ஒரு அம்மணச் சிற்பம் உண்டு, அதை எடுக்காமல் வந்தால் உங்களோடு பேசமாட்டேன். சின்னது, உயரத்தில் இருக்கிறது, அதற்கு வைட் லென்ஸ் ஒன்றும் செய்யாது, உங்கள் கிட் லென்ஸின் நீண்ட முனை போதும். அந்தப் பணத்துக்கு வழுக்காத நல்ல ஷூ வாங்குங்கள். அந்தக் கல் பாவிய தெருவில் மழை நாளில் நான் இரண்டு முறை விழுந்தேன்.