வைஃபை டிரைவரில் பைட் வரிசை: கேள்வி பதில்

கேள்வி: லேப்டாப்பில் நன்றாக ஓடும் லினக்ஸ் வைஃபை டிரைவரைப் பழைய மிப்ஸ் ரவுட்டரில் ஏற்றினேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஸ்கேன் செய்தால் ஒரு நெட்வொர்க்கும் வரவில்லை.

பதில்: ஏத்தெரோஸ் ஏஆர்71 வகையா? அது பிக் எண்டியன், அதாவது எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும் சிபியு. உங்கள் லேப்டாப் லிட்டில் எண்டியன், சின்ன பைட் முதலில். வைஃபை தரமான 802.11-இன் பாக்கெட் தலைப்பில் எண்களின் சின்ன பைட்தான் முதலில் வரும். பீக்கன் என்பது ரவுட்டர் 'நான் இருக்கிறேன்' என்று அடிக்கடி அனுப்பும் அறிவிப்பு. அதன் முதல் இரண்டு பைட், ஹெக்ஸில், 80 00. லேப்டாப் அதை 0080 என்று படித்து, பீக்கன்தான் என்று கண்டுகொள்ளும். ரவுட்டர் மாற்றாமல் படித்தால் 8000. அதில் வகை, துணைவகை பிட்கள் எல்லாமே சுழி, அதாவது அசோசியேஷன் ரிக்வெஸ்ட். தெருவிலுள்ள அத்தனை ரவுட்டரும் உங்களிடம் வந்து 'என்னையும் சேர்த்துக்கொள்' என்று கெஞ்சுவதாக டிரைவர் நினைத்துக்கொள்கிறது!

பீக்கன் இடைவெளியை லாகில் அச்சிட்டுப் பாருங்கள். வழக்கமாக 100 இருக்கும். 25600 (100-இன் இரண்டு பைட்டும் இடம் மாறியது) என்று வந்தால் வேறெங்கும் தேடவே வேண்டாம். ஸ்ட்ரக்டில் அந்தப் புலங்களை எல்ஈ16 (லிட்டில் எண்டியன், 16 பிட்) என்று அறிவித்து, படிக்கும் இடத்தில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள். அப்புறம் ஸ்பார்ஸ் என்ற கோடு சரிபார்ப்புக் கருவியை ஓட்டுங்கள்.

கேள்வி: சிப்பின் ரெஜிஸ்டரைப் படிக்கும் ரீட்எல் தரும் மதிப்பையும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், அதுவே சிபியு வரிசைக்கு மாற்றித்தான் தருகிறது. நீங்களும் மாற்றினால் லேப்டாப்பில் ஒன்றும் தெரியாது, ரவுட்டரில் தலைகீழாகும். டிஎம்ஏ டிஸ்கிரிப்டர் (சிப் நேரடியாகப் படிக்கும் குறிப்பு) வேறு கதை. அது சாதாரண நினைவகம், அங்கே மாற்றுவது உங்கள் பொறுப்பு. புலங்களை எல்ஈ என்று அறிவித்திருந்தால் ஸ்பார்ஸ் இந்த இரண்டு தவறையும் பிடிக்கும்.

கேள்வி: மேக் முகவரியைத் திருப்ப வேண்டுமா?

பதில்: அது ஆறு பைட்களின் தொடர், எண் அல்ல. தொடாதீர்கள்.

கேள்வி: மாடியில் சிக்னல் வரவில்லை சார்.

பதில்: ரவுட்டரை மாடிப்படிப் பக்கம் நகர்த்திப் பாருங்கள். இங்கே டிரைவர் மட்டும்.

கேள்வி: எக்ஸ்86, ஆர்ம் எல்லாமே லிட்டில் எண்டியனாக ஓடுகிறது. செத்துப்போன பிக் எண்டியனுக்கு ஏன் இத்தனை பாடு?

பதில்: வீட்டு அலமாரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான லினக்ஸ்) ஓடும் பழைய ரவுட்டர்களைக் கேளுங்கள், செத்ததா என்று.

கேள்வி (அவரே): அலமாரிக்காக நான் ஏன் உழைக்க வேண்டும்?

பதில்: சரி, ரவுட்டரை விடுங்கள், உங்கள் லேப்டாப்புக்கே வருவோம். அதே வைஃபை பாக்கெட்டில் தலைப்பு லிட்டில் எண்டியன். சற்றுத் தள்ளி ஸ்நாப் என்ற இன்னொரு தலைப்பில் இருக்கும் ஈதர்டைப் (உள்ளே எந்த நெறிமுறை என்று சொல்லும் எண்) பிக் எண்டியன். ஐபிவி4க்கு 08 00 என்று வரும். எக்ஸ்86 அதை மாற்றாமல் படித்தால் 0008, அப்படி ஒரு நெறிமுறையை நெட்வொர்க் அடுக்கு தேடிக்கொண்டே இருக்கும். ஒரே பாக்கெட்டில் இரண்டு வரிசை என்றால் எந்தச் சிபியுவும் தப்பிக்காது. புதிய சிப்களில் பிக் எண்டியன் அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்ஈ16, பிஈ16 என்று எழுதுவது அடுத்து வருகிறவர் படிப்பதற்கும்தான்.

கேள்வி: மேக் முகவரியை மாற்ற...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி (முன்பு அலமாரி கேட்டவர்): ஸ்பார்ஸ் ஓட்டினேன். 43 எச்சரிக்கை!

பதில்: ஃபோர்ஸ் (எச்சரிக்கையை அடக்கும் குறி) போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள். டிஎம்ஏ டிஸ்கிரிப்டரில் வருவதை மட்டும் முதலில் அனுப்புங்கள், பார்க்கிறேன்.