பிசினஸ் அனலிஸ்ட் கோர்ஸுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் நான்கு ஏக்கரில் சம்பா சாகுபடி செய்கிறோம். மகள் பி.காம் முடித்திருக்கிறாள். பத்தாவதில் 84, பிளஸ் டூவில் 73, டிகிரியில் 57 சதவீதம். ஒரு அரியர் இருந்தது, எழுதி முடித்துவிட்டாள். பிசினஸ் அனலிஸ்ட் (வாடிக்கையாளரின் தேவையை மென்பொருள் குழுவுக்கு எழுதிக் கொடுப்பவர்) ஆக வேண்டும் என்கிறாள். சென்னையில் ஒரு பயிற்சி மையம் ஆறு மாத கோர்ஸுக்கு 1,40,000 ரூபாய் கேட்கிறது. மார்க் குறைந்தாலும் வேலை நிச்சயம் என்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?

பதில்: வேண்டாம். மகளின் ஆசை சரியானது, அதற்குப் போகும் வழிதான் வேறு.

முதலில் அந்த 57. பெரிய ஐடி நிறுவனங்கள் பல, புதிதாகப் படித்து முடித்தவர்களை எடுக்கும்போது பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. குவிகிற விண்ணப்பங்களைக் குறைக்க வைத்த வரம்பு அது. எந்த மையத்தின் சர்டிபிகேட்டாலும் அதைத் தாண்ட முடியாது. எழுதி முடித்த அரியர் பெரும்பாலும் தடையாகாது. நிலுவையில் இருப்பதுதான் தடை. ரெஸ்யூமில் 57-ஐ 60 ஆக்கச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். வேலையில் சேர்ந்தபின் மார்க் ஷீட்டைச் சரிபார்ப்பார்கள், பொய் தெரிந்தால் வேலை போய்விடும். ஓரிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு மாறும்போது, பெரும்பாலான இடங்களில் பட்டம் இருக்கிறதா என்பதோடு சரி.

இன்னொன்று: அனுபவமே இல்லாதவரை நேரடியாக பிசினஸ் அனலிஸ்ட்டாக எடுப்பது குறைவு. பிசினஸ் அனலிஸ்ட்டுகளுக்கான ஐஐபிஏ என்ற சர்வதேச அமைப்பு, அனுபவசாலிகளுக்கு நடத்தும் சிபிஏபி தேர்வுக்கு இந்தத் துறையில் 7,500 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறது. புதியவர்களுக்கான இசிபிஏ தேர்வுக்கு அனுபவம் தேவையில்லை, ஆனால் அதையும் வேலை கிடைத்த பிறகு எழுதலாம்.

பி.காம் படித்தவருக்கு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது: எம்.ஐ.எஸ் எக்ஸிகியூட்டிவ் (நிறுவனத்தின் கணக்கு அறிக்கைகளைத் தயாரிப்பவர்), வங்கி பேக் ஆபீஸ், ஈஆர்பி சப்போர்ட் (நிறுவன நிர்வாக மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு உதவுவது), டெஸ்டிங் (மென்பொருளைச் சோதிப்பது). இன்வாய்ஸ், ஜிஎஸ்டி, கடன் கணக்கு தெரிந்தவர் வாடிக்கையாளர் சொல்வதைப் புரிந்துகொண்டு மென்பொருள் குழுவுக்கு எழுதிக் கொடுக்க முடியும். அனலிஸ்ட் வேலையின் மையமே அதுதான். இதற்கு எக்செல் (பிவட் டேபிள், எக்ஸ்லுக்அப்), தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல் (ஜாயின், குரூப் பை), தகவலை வரைபடமாக்கும் பவர் பிஐ மூன்றும் வேண்டும். தமிழக அரசின் நான் முதல்வன், மத்திய அரசின் ஸ்வயம் தளங்களில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நான்கைந்து மாதம் போதும்.

இன்டர்வியூவில் காட்ட ஒரு வேலை வேண்டும். உங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள்ளட்டும். சிட்டா, அடங்கல் பதிவு, வரிசை, ஈரப்பத சோதனை, எடை, வங்கிக் கணக்கில் பணம் என்று ஒவ்வொரு படியையும் யார் செய்கிறார்கள், எங்கே தேங்குகிறது என்று வரைபடமாகப் போடட்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல் திரும்பக் களத்துக்குப் போகிறதே, அந்தக் கிளையை விட்டுவிடக் கூடாது. தேர்வாளர் பார்ப்பது இப்படி மாறிப்போகும் வழிகளையும் யோசித்தாரா என்பதைத்தான். பிறகு ‘விவசாயியாக, என் மூட்டைக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்’ என்பதுபோல், பயன்படுத்துபவரின் தேவையைச் சொல்லும் பத்து யூசர் ஸ்டோரி எழுதட்டும். மையங்கள் கொடுக்கும் ஒரே மாதிரி ப்ராஜெக்ட்டை விட இது எவ்வளவோ மேல்.

இனி பணம். 12 சதவீத வட்டியில் 1,40,000-க்கு மாதம் 1,400 ரூபாய், ஒரு வருடத்தில் 16,800. வட்டியை விடப் பெரிய சிக்கல், சம்பா நடவுக்கும் உரத்துக்கும் அவசரமாகக் கை வைக்க அந்த நகைதான் இருக்கிறது. அது உள்ளே போய்விட்டால் அடுத்த கடன் வெளியாரிடம் வட்டிக்கு வாங்கும் கடனாகத்தான் இருக்கும், வட்டியும் கூடும். தை, மாசி அறுவடைப் பணத்தில் 60,000 ஒதுக்குங்கள்: 15,000 பழைய லேப்டாப் அல்லது பயிற்சிக் கட்டணத்துக்கு, 45,000 சென்னையிலோ தஞ்சாவூரிலோ முதல் மூன்று மாத ஹாஸ்டல், சாப்பாட்டுக்கு.

மையத்துக்காரர் ‘மாதத் தவணையில் கட்டலாம்’ என்றால் கையெழுத்துக்கு முன் தாளைப் படியுங்கள். பல இடங்களில் அது நிதி நிறுவனக் கடன், மகள் பெயரில். மையம் பாதியில் மூடினாலும் தவணை நிற்காது, தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் கெடும். வங்கித் துறை வேலைகளில் அந்த ஸ்கோரைப் பார்ப்பதுண்டு. ‘வேலை நிச்சயம்’ என்பதை எழுத்தில், வேலை கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பத் தருவீர்கள் என்ற வரியோடு கேளுங்கள்.