சுரங்க ரயில் நிலையங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஸ்டாக்ஹோமில் மேற்படிப்பு படிக்கிறாள். அங்குள்ள மெட்ரோ நிலையத்தில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தாள். குடைந்த பாறையை அதன் போக்கிலேயே விட்டுவிட்டு, மேலே நீல நிறத்தில் கொடியும் இலையுமாக வரைந்திருக்கிறார்கள். போன வாரம் சென்னை சென்ட்ரலில் மெட்ரோவுக்கு இறங்கினேன். சுத்தமாக இருக்கிறது, ஏசி இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் பெரிய பெட்டிக்குள் நிற்பது போலத்தான் இருந்தது. சிதம்பரம் கோயிலைக் கட்டிய நமக்கு ரசனை எங்கே போயிற்று? இல்லை, ரயிலுக்குக் காத்திருக்கும் இடத்தில் கலையைத் தேடுவதே அதிகப்படியா?

ச., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ச.,

ரசனையைத் திட்டுவதற்கு முன்னால் மண்ணைப் பார்த்துவிடுவோம்.

ஸ்டாக்ஹோமின் அடியில் இருப்பது மிகப் பழைய, கெட்டியான பாறை. வெடி வைத்துக் குடைந்தால் வளைந்த கூரையின் பாரத்தைப் பெரும்பாலும் பாறையே தாங்கிக்கொள்ளும். அதன்மேல் கான்கிரீட்டை மெல்லிய பூச்சாகப் பீய்ச்சி அடிக்கிறார்கள். மேடு பள்ளம் மறைவதில்லை. உங்கள் மகள் அனுப்பியது டி-சென்ட்ராலன் நிலையத்தின் நீல வழித்தட நடைமேடையாக இருக்க வேண்டும். 1975-இல் பேர் ஒலோஃப் உல்ட்வெட் என்ற ஓவியர் செய்தது. எல்லா வழித்தடங்களும் சந்திக்கும் நெரிசலான இடம், அங்கே வருகிறவர் மனம் கொஞ்சம் அடங்கட்டும் என்றுதான் நீலத்தைத் தேர்ந்தெடுத்தார். இன்னொரு பக்கத்துச் சுவரில் மனிதர்களின் நிழலுருவங்கள் இருக்கும். அந்த நிலையத்தைக் கட்டிய வெல்டர்கள், தச்சர்கள், மற்ற வேலையாட்கள். எனக்குக் கொடிகளைவிட அவர்களைத்தான் பிடிக்கும்.

சென்னையின் கதை வேறு. களிமண், மணல், ஊடே பாறை, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். அங்கே குகை குடைய முடியாது. முதலில் நாலு பக்கமும் தரைக்குள் சுவர் இறக்குவார்கள். வேலை செய்கிறவர்கள் 'டி வால்' (டயஃப்ரம் வால்) என்பார்கள். ஒடுக்கமான ஆழமான பள்ளம் தோண்டி, மண் சரியாமல் இருக்க பெண்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்த குழம்பை நிரப்பி, அதற்குள் கம்பிக் கூண்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றிக்கொண்டே வருவார்கள். கான்கிரீட் ஏற ஏறக் குழம்பு வெளியே வந்துவிடும். அப்புறம்தான் சுவர்களுக்கு நடுவில் உள்ள மண்ணை அள்ளுவது. வெளியே இருக்கும் மண்ணும் தண்ணீரும் சுவரை உள்ளே தள்ளுமல்லவா, அதைத் தடுத்து நிறுத்துவது குறுக்கே போடும் தளங்கள். நீங்கள் டிக்கெட் வாங்க நின்ற அந்தத் தளம் வெறும் தரை மட்டுமில்லை, இரண்டு சுவர்களுக்கும் இடையே கொடுத்த முட்டுக்கட்டை.

தண்ணீர் கீழிருந்தும் தள்ளும். இதைக் கடலூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலே பொங்கிவிடும். ரயில் நிலையத்தில் காலம் முழுக்க அப்படி இறைத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் கட்டடத்தின் கனமும் பக்கச் சுவர்களின் பிடிப்புமாகச் சேர்ந்து அது மிதந்து மேலே வராமல் அமுக்கி வைத்திருக்கின்றன. ஆக, பெட்டி என்பது மண் கேட்டு வாங்கிய வடிவம்.

ஆனால் அந்தப் பெட்டியின் சுவரில் என்ன செய்கிறோம் என்பதில் உங்கள் கோபம் நியாயம்தான். பூமிக்கு அடியில் இருக்கும் கட்டடத்துக்கு வெளித்தோற்றம் கிடையாது. கோபுரத்தைப் பார்த்து ஊரை அடையாளம் கண்டுகொள்வது போல அங்கே எதையும் கண்டுகொள்ள முடியாது. கிழக்கு எது, மேற்கு எது என்றுகூடத் தெரியாது. அங்கே கலைக்கு முதல் வேலையே 'நீ வந்திருப்பது இந்த இடம்' என்று சொல்வதுதான். லண்டனில் 1906, 1907-இல் திறந்த நிலையங்களுக்கு லெஸ்லி கிரீன் என்ற கட்டடக் கலைஞர் வெறும் சுவர் ஓடுகளை வைத்தே இதைச் செய்தார். ஒவ்வொரு நிலையத்து நடைமேடைக்கும் தனி நிறம், தனிக் கோலம். ஓடு பெரிய செலவும் இல்லை. நம்மிடம் பல நிலையங்களில் ஒரே கிரானைட், ஒரே ஸ்டீல், பாக்கிச் சுவரில் நகைக்கடை விளம்பரம். நிமிர்ந்து பார்த்தால் எந்த நிறுத்தம் என்று பெயர்ப் பலகையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

செலவு செய்தும் செய்யலாம். மாஸ்கோவின் மாயகோவ்ஸ்கயா நிலையம் 1938-இல் திறந்தது, அலெக்ஸி துஷ்கின் வடிவமைப்பு. உள்ளே எஃகுச் சட்டத்தை வைத்துத் தூண்களை மெலிதாக்கினார்கள். அந்தத் தூண்களுக்குத் துருப்பிடிக்காத எஃகிலேயே பளபளவென்று பட்டை போட்டார்கள். எது தாங்குகிறதோ அதுவே அழகாகவும் நிற்கிறது. கூரையில் நீள்வட்டக் குழிகளுக்குள் அலெக்சாண்டர் தெய்னேகாவின் 34 மொசைக் படங்கள். நேர் கீழே நின்று அண்ணாந்தால்தான் தெரியும். விமானம், பாராசூட் என்று எல்லாம் வானத்துச் சமாச்சாரம். அரசுப் பிரச்சாரம்தான், சந்தேகமில்லை. இருந்தாலும் பூமிக்கடியில் வானத்தைத் திறந்துவிட்ட அந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

'ரயிலுக்குக் காத்திருக்கும் இடத்தில் கலை எதற்கு' என்ற கேள்விக்கு நீங்களே சொன்ன சிதம்பரத்தில் பதில் இருக்கிறது. கோபுர வாசல் வழியே உள்ளே போகும்போது இருபுறமும் பாருங்கள். கரணங்கள் எனப்படும் 108 நாட்டிய நிலைகளும் சிறு சிறு கட்டங்களாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். யாரும் நின்று பார்க்காத நடைவழி அது. சாமி பார்க்கும் அவசரத்தில் கடந்து போகிறவர் கண்ணில் இன்றைக்கு ஒரு காலின் வளைவு படும், அடுத்த முறை ஒரு கையின் வீச்சு. தினம் ஒரே நிலையத்தில் இறங்குகிறவருக்கு வேண்டியதும் அதுதான். கல்யாண மண்டப வாசலில் வைப்பது போன்ற ஒரு பிரம்மாண்டச் சிலை வேண்டாம். மூன்றாம் நாள் அது கண்ணிலேயே படாது.

உங்கள் மகள் நேப்பிள்ஸ் பக்கம் போனால் தொலேதோ நிலையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒஸ்கார் துஸ்கெட்ஸ் வடிவமைத்து 2012-இல் திறந்தது, சுமார் 50 மீட்டர் ஆழம். இறங்க இறங்கச் சுவரில் அந்த ஊர்க் கல்லின் மஞ்சள் வரும். கடல் மட்டத்தைத் தாண்டியதும் மொசைக் நீலமாகிவிடும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று நிறமே சொல்லிவிடுகிறது. நம் கடலூரில் அப்படி ஒன்று கட்டினால் மஞ்சளுக்கு அதிகம் செலவிருக்காது. பத்துப் படி இறங்குவதற்குள் நீலம் வந்துவிடும்.