டிரெய்லரின் தண்ணீர்க் குழாய்களைக் குளிர்காலத்துக்கு எப்படித் தயார் செய்வது? தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதுமா?

கனடாவின் ஒன்டாரியோவில், காரில் மாட்டி முகாமுக்கு இழுத்துச் செல்லும் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், பனிக்காலம் முழுவதும் அது வீட்டு முற்றத்தில் எந்தச் சூடும் இல்லாமல் நிற்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொட்டியைத் திறந்துவிட்டால் போதுமா, குழாய்கள் உறைந்து உடையாமல் காக்கக் கடையில் விற்கும் இளஞ்சிவப்புத் திரவமான ஆன்டிஃப்ரீஸும் தேவையா என்பது உங்கள் கேள்வி. என் பதில், திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதே. அதற்கான காரணத்தையும், எங்கள் டிரெய்லருக்கு இலையுதிர் காலத்தில் நான் செய்யும் முறையையும் எழுதுகிறேன்.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. பாதி காலியான தொட்டியில் அதனால் பெரிய கேடு இல்லை, ஏனெனில் பனிக்கட்டி மேலெழும்ப அங்கே இடம் இருக்கிறது. இருபுறமும் அடைபட்ட சிறிய இடத்தில் தேங்கிய தண்ணீருக்குத்தான் போக வழியில்லை. அதனால் உடைபவை பெரும்பாலும் தொட்டிகளும் நீண்ட குழாய்களும் அல்ல. இப்போதைய டிரெய்லர்களில் இருக்கும் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய் ஓரளவு விரிந்துகூடக் கொடுக்கும். பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியின் பிளாஸ்டிக் கிண்ணம், டாய்லெட்டின் பின்புறத்துத் தண்ணீர் வால்வு, வெளிப்புற ஷவரின் குழாய், வெளியிலிருந்து ஹோஸ் மாட்டும் வாயிலுள்ள ஒருவழி வால்வு, பிளாஸ்டிக் முழங்கை இணைப்புகள் ஆகியவைதான் முதலில் விரிசல் விடும். தலைமயிர் அளவு விரிசல் என்பதால் குளிர்காலத்தில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வசந்தத்தில் பம்பைப் போட்ட பிறகு தரைப்பலகைக்கு அடியில் தண்ணீர் கசிந்து, பலகை ஊறிப்போன பின்னரே தெரியவரும். ஆகவே மூலைமுடுக்குகளில் நிற்கும் அந்தச் சில தேக்கரண்டித் தண்ணீரைத் துரத்துவதுதான் இந்த வேலை முழுவதும்.

கழிவுத் தொட்டிகள் இரண்டையும் முகாமிலேயே காலி செய்துவிட்டு வீட்டுக்கு வருவது நல்லது. அக்டோபர் இரண்டாம் திங்களன்று வரும் நன்றி நவிலல் விடுமுறையோடு பல முகாம்கள் மூடிவிடுகின்றன. அதன் பிறகு கழிவைக் கொட்ட இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். பிறகு நன்னீர்த் தொட்டியைத் திறந்துவிட்டு, வண்டிக்கு அடியில் தொங்கும் இரண்டு வடிகுழாய்களின் மூடிகளையும் கழற்றி, உள்ளே இருக்கும் எல்லாக் குழாய்களையும் திறந்து வையுங்கள்.

வாட்டர் ஹீட்டருக்குச் சற்று நிதானம் வேண்டும். கேஸ், மின்சாரம் இரண்டையும் அணைத்து, தண்ணீர் முழுவதும் ஆறும்வரை காத்திருந்து, உள்ளே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் வெளிப்புறத்து அடைப்பைக் கழற்ற வேண்டும். சூடோ அழுத்தமோ இருக்கும்போது கழற்றினால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். சபர்பன் நிறுவனத்தின் ஹீட்டராக இருந்தால் அந்த அடைப்போடு சேர்ந்தே ஒரு நீண்ட உலோகக் கம்பி வெளியே வரும். அதுதான் ஆனோடு கம்பி. தொட்டியின் எஃகு அரிக்காமல் இருக்கத் தான் அரிபட்டுக் கரைவதே அதன் வேலை. முக்கால் பங்கு கரைந்து நடுக்கம்பி வெளித்தெரிந்தால் புதியது வாங்கி வையுங்கள். தண்ணீரோடு சுண்ணாம்புச் செதில் போல வெள்ளையாகக் கொட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிறு ஹோஸை உள்ளே விட்டு அலசிவிடலாம். ஆட்வுட் நிறுவனத்தின் ஹீட்டர்களில் அலுமினியத் தொட்டி என்பதால் இந்தக் கம்பி இருக்காது, பிளாஸ்டிக் அடைப்பு மட்டுமே இருக்கும். எந்த ஹீட்டரானாலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கவே செய்யும். அதற்கு விரிய இடம் இருப்பதால் விட்டுவிடலாம்.

ஹீட்டருக்குப் பின்னால், தண்ணீரை அதற்குள் விடாமல் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வுகளை இப்போதே திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் ஏற்றும் ஆன்டிஃப்ரீஸ் முதலில் ஹீட்டரைத்தான் நிரப்பும். சிறிய ஹீட்டரே 6 கேலன், அதாவது 23 லிட்டர் கொள்ளும். பைபாஸ் இருந்தால் நடுத்தர டிரெய்லருக்கு 2 அல்லது 3 கேலன் ஆன்டிஃப்ரீஸ் போதுமானது. குடிநீர் வடிகட்டி இருந்தால் அதன் உருளையைக் கழற்றி எறிந்துவிடுங்கள்.

காற்றா, ஆன்டிஃப்ரீஸா என்ற வாதம் டிரெய்லர்க்காரர்களிடையே ஓயாத ஒன்று. இரண்டும் வேண்டும், காற்று முதலில் என்பதே என் கருத்து. கம்ப்ரசரை ஹோஸ் மாட்டும் வாயில் இணைத்து, அழுத்தம் 40 பி.எஸ்.ஐ. அளவைத் தாண்டாமல் வைத்து, எப்போதும் ஏதேனும் ஒரு குழாய் திறந்திருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஊதி வெளியேற்ற வேண்டும். இந்தக் காற்று பம்புக்குள் போகாது, ஏனெனில் அங்கே ஒருவழி வால்வு இருக்கிறது; பம்பும் அதன் வடிகட்டியும் நனைந்தேதான் இருக்கும். காற்றை மட்டும் நம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மாறாக, காற்றே ஊதாமல் நேராக ஆன்டிஃப்ரீஸை ஏற்றினால், குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் அதில் கலந்து அதன் வலுவைக் குறைத்துவிடும்.

வாங்கும்போது புரொப்பிலீன் கிளைகால் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் நஞ்சு. அது குடிநீர்க் குழாய்ப் பக்கமே போகக்கூடாது. மலிவாகக் கிடைக்கும் எத்தனால் கலந்த வகை தீப்பற்றக்கூடியது, ரப்பர் வளையங்களையும் உலர்த்திவிடும். சில டாலர் கூடக் கொடுப்பதே மேல். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் மைனஸ் 46 டிகிரி என்பது குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லையே தவிர, திரவம் உறையத் தொடங்கும் எல்லை அல்ல. அதற்கு வெகு முன்பே அது கூழாகிவிடும், ஆனால் குழாயை உடைக்கும் அளவுக்குக் கெட்டிப்படாது.

நன்னீர்த் தொட்டிக்குள் இதை ஊற்ற வேண்டாம். வீணாவதோடு, வசந்தத்தில் அலசி அலசிக் கை ஓயும். பம்பின் உறிஞ்சு பக்கத்தில் பெரும்பாலும் இதற்கென்றே ஒரு சிறு குழாயும் வால்வும் இருக்கும். இல்லாவிட்டால் தொட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டு ஹோஸை மாட்டி ஆன்டிஃப்ரீஸ் கேனுக்குள் விடலாம். பம்பைப் போட்டுவிட்டு, அதற்கு அருகிலுள்ள குழாயிலிருந்து தொடங்கி, முதலில் குளிர்நீர், பிறகு வெந்நீர் என்று திறந்துகொண்டே போங்கள். குழாய் முதலில் காற்றைத் துப்பும், பிறகு வெளிறிய ரோஜா நிறத்தில் கொஞ்சம் வரும். அது தண்ணீர் கலந்தது என்பதால், கேனில் இருக்கும் அதே அழுத்தமான நிறம் வரும்வரை மூடக்கூடாது. டாய்லெட், வெளிப்புற ஷவர், கழிவுத் தொட்டியை அலசும் தனி இணைப்பு, சலவை இயந்திரம், ஐஸ் தயாரிக்கும் ஃபிரிட்ஜ் ஆகியவற்றை மறப்பவர்கள் ஏராளம். இறுதியாகப் பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கி மூடிய பின், ஹோஸ் மாட்டும் வாயிலுள்ள வலையை எடுத்துவிட்டு உள்ளிருக்கும் வால்வை ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்ல அழுத்துங்கள். இளஞ்சிவப்புத் திரவம் பீறிடும், ஒதுங்கி நில்லுங்கள். சமையலறைத் தொட்டி, கைகழுவும் தொட்டி, ஷவர் மூன்றின் வடிகாலிலும் ஒரு கோப்பை ஊற்றுங்கள். டாய்லெட் கிண்ணத்திலும் கொஞ்சம் தேங்கட்டும், ரப்பர் காயாமல் இருக்கும்.

ஹீட்டரின் மின் பிரேக்கரை அணைத்து, அதன்மேல் ஒரு டேப்பை ஒட்டி வையுங்கள். தண்ணீர் இல்லாத ஹீட்டரில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளிருக்கும் எலிமென்ட் நிமிடங்களில் கருகிவிடும்.

வசந்தத்தில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் அலசி, தொட்டியின் 15 கேலன் கொள்ளளவுக்குக் கால் கப் வீதம் மணமில்லாத சாதாரண பிளீச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, தொட்டியை நிரப்பி, குழாய்களில் வாடை வரும்வரை ஓடவிட்டுச் சில மணி நேரம் ஊறவைத்துக் கொட்டிவிட்டு, மறுபடியும் அலசுங்கள். ஹீட்டரின் அடைப்பை மாட்டி, பைபாஸைத் திருப்பி, வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகே பிரேக்கரைப் போட வேண்டும். அதன் பிறகும் வெந்நீர் வெதுவெதுப்பாக மட்டுமே வந்தால், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் பைபாஸ் வால்வுகளில் ஒன்று பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.