கடல் நுரைக்குக் கொடுமை தெரியுமா?

நாகர்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரோடு எழுதிக் கொடுத்த கேள்விகளும், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவரின் பதில்களும்.

தக்கலை: சிமிலி, மெட்டஃபர் வித்தியாசம் என்ன டீச்சர்?
சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம். 'லைக்' வந்தாலே சிமிலி என்று எழுதிவிடாதீர்கள். 'ஐ லைக் ஃபிஷ்' என்பதில் ஒப்புமையே கிடையாது. பெயர் வைக்கும் முன் அந்தச் சொல் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

குளச்சல்: 'பதெட்டிக் ஃபாலசி' தர்க்கப் பிழைதானே?
இல்லை மக்களே. இயற்கைப் பொருளுக்கு மனித உணர்ச்சியை ஏற்றிப் பாடுவதற்கு, 1856-ல் ஆங்கில விமர்சகர் ஜான் ரஸ்கின் வைத்த பெயர் அது. கடல் நுரையைக் கொடியது, ஊர்ந்து வருவது என்று ஆங்கில எழுத்தாளர் சார்ல்ஸ் கிங்ஸ்லி பாடியிருந்தார். நுரை கொடியதும் அல்ல, ஊர்வதும் இல்லை, துக்கத்தில் நிலைகுலைந்த மனம்தான் அப்படிக் காண்கிறது என்றார் ரஸ்கின். வாதத்தில் வரும் பிழை வேறு, இது காட்சியில் வரும் மயக்கம். மகனைக் கடலில் பறிகொடுத்த தாய் 'பாவி கடலே' என்று மண்ணை வாரித் தூற்றினால், அவளிடம் தர்க்கமா கேட்பீர்கள்?

தோவாளை: அப்படியென்றால் அது நம் தற்குறிப்பேற்ற அணிதானே?
நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. மதில்மேல் கட்டிய கொடி காற்றில் ஆடுவது இயல்பு. கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்குள் வராதே என்று கைகாட்டி மறிப்பதாக இளங்கோ அதற்கு ஒரு காரணம் ஏற்றுகிறார். ரஸ்கின் பேசுவது காரணத்தை அல்ல, உணர்ச்சியை.

மார்த்தாண்டம்: சிமிலி, மெட்டஃபர் வித்தியாசம்?
தக்கலைக்குச் சொன்னதுதான்.

தோவாளை (மறுபடியும்): கொடிக்கும் இரக்கம் இருக்கிறதே டீச்சர்?
இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நான் கோடு கிழித்தது கொஞ்சம் அவசரம். ஆனாலும் இளங்கோ 'என்பனபோல்' என்கிறார், கவனித்தீர்களா? கொடிக்கு மனம் இல்லை என்று தெரிந்தே சொல்கிறார். துக்கத்தில் இருப்பவர் வாயில் அந்த 'போல்' வராது. ரஸ்கினைப் படிக்கும்போது இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழித்துறை: 'ஆட் ஹோமினெம்' என்றால்?
வாதத்துக்குப் பதில் சொல்லாமல் ஆளைத் தாக்குவது. ரப்பர் விலையைப் பற்றிக் கணக்கோடு பேசுகிறவரிடம் 'உமக்கு ஒரு மரம் உண்டா?' என்று கேட்டு வாயடைப்பது. ஆனால் விலை இறங்கும் என்று சொல்பவர் வியாபாரி என்றால், அவருக்கு அதில் என்ன லாபம் என்று கேட்பது நியாயமே. இங்கேயும் பெயரை ஒட்டும் முன் வேலையைப் பாருங்கள்.

கருங்கல்: உவமைக்கு ஆங்கிலத்தில் என்ன டீச்சர்?
முதல் பதில்.

தோவாளை: அந்த 'போல்' இல்லாவிட்டால் தற்குறிப்பேற்றம் ஆகாதா?
ஆகும். நாளை அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.