கற்றையைக் கட்டிப்போடும் காந்தங்கள்: கேள்வி பதில்

டிராவலிங் வேவ் டியூப், கிளைஸ்ட்ரான் போன்றவை எலக்ட்ரான் கற்றையின் ஆற்றலைக் கொண்டு மைக்ரோவேவைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்கள். இந்த உயர்திறன் பெருக்கிகளில் காந்த அமைப்பை எப்படி வடிவமைப்பது என்று வந்த கேள்விகளும் என் பதில்களும்.

எலக்ட்ரான்களை உமிழும் எலக்ட்ரான் கன்னிலேயே (gun) கற்றையைக் குவித்து அனுப்பினால் போதாதா சார்? காந்தம் எதற்கு?

போதாது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். காந்தம் இல்லாவிட்டால் சில சென்டிமீட்டருக்குள் கற்றை விரிந்து, அதைச் சுற்றி மைக்ரோவேவ் ஓடும் கம்பிச்சுருளான ஹெலிக்ஸில் முட்டும். ஹெலிக்ஸ் உருகினால் டியூப் அவ்வளவுதான்.

சாலினாய்டு (மின்சாரம் பாயும் நீளக் கம்பிச்சுருள்) சுற்றினால் சுலபம்தானே? ஏன் எல்லோரும் பிபிஎம் (PPM, திசை மாறி மாறி அடுக்கிய நிலைக்காந்தங்கள்) என்கிறார்கள்?

சாலினாய்டு சுலபம், ஆனால் கனம். அதற்குத் தனி மின்சாரமும் குளிரூட்டலும் வேண்டும். விமானத்திலோ செயற்கைக்கோளிலோ அதற்கு இடமில்லை. பிபிஎம் முறையில் வளையக் காந்தங்களை வடக்கும் வடக்கும், தெற்கும் தெற்கும் பார்க்கும்படி மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் போல் பீஸ் (pole piece) எனும் இரும்பு வளையங்களை வைப்போம். புலம் திசை மாறினாலும் விசை புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கற்றை எப்போதும் உள்நோக்கியே அழுத்தப்படும். ஒரே நீளக் காந்தத்துக்குப் பதில் புலத்தை N முறை திருப்பினால் காந்த எடை ஏறக்குறைய N வர்க்க மடங்கு குறையும். துகள் முடுக்கிகளுக்கான கிளைஸ்ட்ரான்களிலும் இது எடுபட்டது. அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகம் 11.424 கிகாஹெர்ட்ஸில் 50 மெகாவாட் தரும் டியூபை சாலினாய்டு இல்லாமலே செய்து காட்டியது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்கிறேன் சார். கணக்கை எங்கே தொடங்குவது?

பிரில்லுவன் புலத்தில், அதாவது கற்றையை விரியாமல் பிடிக்கத் தேவையான குறைந்தபட்சக் காந்தப் புலத்தில் தொடங்குங்கள் தம்பி. 10 கிலோவோல்ட், 1 ஆம்பியர், கற்றையின் ஆரம் 1 மிமீ என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 830 காஸ் (gauss, காந்தப் புலத்தின் அலகு) வரும். பிபிஎம்மில் இது ஆர்எம்எஸ் மதிப்பு (புலத்தின் வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்), ஆகவே உச்சம் 1.41 மடங்கு, கிட்டத்தட்ட 1,170 காஸ். இது குறைந்தபட்சம்தான். நிஜ டியூபில் இதற்கு மேல் வைத்தே ஆக வேண்டும்.

அடுத்தது பிளாஸ்மா அலைநீளம், அதாவது எலக்ட்ரான்களின் விலக்கலால் கற்றையில் எழும் இயல்பான ஆட்டம் ஒருமுறை முடிவதற்குள் கற்றை கடக்கும் தூரம். இதே கற்றைக்கு அது சுமார் 36 மிமீ. காந்தத்தின் முழுச் சுற்று (புலம் திசை மாறி மீண்டும் பழைய திசைக்கு வரும் நீளம்) அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 மிமீ இருந்தால் நிம்மதி. இந்தச் சுற்றின் நீளம் கூடக்கூட, கற்றை சுருங்கி விரிந்து ஆடும், ஒரு கட்டத்துக்கு மேல் நிலைகுலைந்துவிடும். 12 மிமீ என்றால் ஒரு காந்தமும் ஒரு போல் பீஸும் சேர்ந்து 6 மிமீக்குள் அடங்க வேண்டும். அந்த இடத்தில் 1,170 காஸை எழுப்புவதுதான் உண்மையான தலைவலி.

நியோடிமியம் காந்தம் சமாரியம் கோபால்ட்டைவிட வலுவானது, விலையும் குறைவு. அதைப் போடலாமா?

வெப்பத்தைப் பாருங்கள். நியோடிமியத்தின் கியூரி வெப்பநிலை (காந்தம் தன் காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலை) சுமார் 310 டிகிரி செல்சியஸ், சமாரியம் கோபால்ட்டுக்கோ 700-ஐத் தாண்டும். டியூப் சூடாகி புலம் இறங்கினால் கற்றை விரியும், விரிந்தால் இன்னும் சூடாகும். காசு மிச்சப்படுத்த இது இடமில்லை.

சிமுலேஷனில் கற்றை அழகாகப் போகிறது. டெஸ்டில் ஆர்எஃப் (பெருக்க வேண்டிய மைக்ரோவேவ் சிக்னல்) கொடுத்ததும் ஹெலிக்ஸ் கரண்ட் (ஹெலிக்ஸில் முட்டும் எலக்ட்ரான்களின் மின்னோட்டம்) எகிறுகிறது. ஏன்?

ஆர்எஃப் இல்லாத கற்றையைத்தான் கணக்கிட்டிருப்பீர்கள். ஆர்எஃப் வந்ததும் எலக்ட்ரான்கள் கட்டுக்கட்டாகச் சேரும், வேகமும் இழக்கும். விலக்கு விசை கூடுவது வெளியேறும் முனையில்தான். அங்கே புலத்தைக் கூட்டுங்கள். அப்புறம், ஒவ்வொரு காந்தமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. காந்தங்களின் மேல் சின்ன இரும்புத் துண்டுகளை ஒட்டி, மீட்டரைப் பார்த்தபடியே நகர்த்தி ஹெலிக்ஸ் கரண்டைக் குறைப்பது இந்தத் தொழிலில் இன்றும் கைப்பழக்கம்தான்.

வட்டக் கற்றைக்குப் பதில் தட்டைக் கற்றை வைத்தால்?

அதிக கரண்ட் ஏற்றலாம். ஆனால் சாலினாய்டின் சீரான புலத்தில் ஓரங்கள் சுருண்டு கற்றை முறுக்கிக்கொள்ளும். அதனால் அங்கும் திசை மாறும் காந்தப் புலமே விரும்பப்படுகிறது. அகலவாட்டில் பிடித்து நிறுத்த மட்டும் தனி ஏற்பாடு வேண்டும்.